பார்ட் ஒன் பிரெஞ்சு: நாலு செமஸ்டர் படித்தால் என்ன தேறும்?

கல்லூரி விண்ணப்பத்தில் ‘பார்ட் ஒன் மொழி’ என்றொரு கட்டம் இருக்கும். தமிழ், இந்தி, பிரெஞ்சு. சில கல்லூரிகளில் சமஸ்கிருதமும் உண்டு. எந்த டிகிரி, எந்தக் கல்லூரி என்று மூன்று மாதம் அலசுகிற வீடுகள் இந்தக் கட்டத்துக்கு அரை நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. “பிரெஞ்சு எடு, மார்க் அள்ளலாம்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார், அதுவே போதும். அக்கா சொன்னதில் பொய்யில்லை, மார்க் வரும். மொழி வருமா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் பார்ட் ஒன் பிரெஞ்சு, செலவழிக்கிற நேரத்துக்கு என்ன தருகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று இங்கே பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. வாரம் ஆறு மணி நேரம், செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்றால் 90 மணி நேரம். நாலு செமஸ்டருக்கு 360. (சில கல்லூரிகளில் வாரம் நாலு மணி நேரம்தான்; சில பட்டப்படிப்புகளில் இரண்டு செமஸ்டரோடு மொழிப்பாடம் முடிந்துவிடும். சேரும் முன் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஐரோப்பிய மொழித்தர அளவில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ2 முடிக்கச் சுமார் 200 மணி நேர வகுப்பு, பி1 முடிக்க 350 முதல் 400 என்பது மொழிப்பள்ளிகள் போடும் பொதுவான கணக்கு. அப்படியானால் 360 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தவர் பி1 வாசற்படியிலாவது நிற்க வேண்டும். நடப்பில், நாலாவது செமஸ்டர் முடித்தவரிடம் “நேற்று என்ன செய்தாய்?” என்று பிரெஞ்சில் கேட்டால் முழிப்பார். அதையே தாளில் எழுதிக் காட்டினால் சட்டென்று புரிந்துகொள்வார். கண் படித்திருக்கிறது, காதும் வாயும் படிக்கவில்லை.

காரணம் வினாத்தாள். பல பல்கலைக்கழகங்களில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 75 மதிப்பெண், மீதி 25 இன்டர்னல். கோடிட்ட இடத்தை நிரப்பு, வினைச்சொல்லைக் காலத்துக்கேற்ப மாற்று, எதிர்மறையாக்கு, பத்தியைப் படித்து விடை எழுது, ஆங்கிலத்தில் மொழிபெயர், நண்பனுக்குக் கடிதம் எழுது. அத்தனையும் பேனா வேலை. காதுக்கு மதிப்பெண் கிடையாது. பேச்சுக்குச் சில தன்னாட்சிக் கல்லூரிகள் இன்டர்னலில் ஐந்தோ பத்தோ ஒதுக்குகின்றன. அதுவும் மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தோடு முடிந்துவிடும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அறுபது பேர் வகுப்பு, ஐம்பது நிமிடம், அதில் பாதி அவரே விளக்கியாக வேண்டும். மிச்சத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு 25 விநாடி. ஒரு ‘பொன்ஜூர்’ சொல்லிப் பெயரைச் சொல்வதற்குள் அடுத்தவர் முறை வந்துவிடும்.

வகுப்பின் இன்னொரு கோளாறு கலவை. ஆறாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு எடுத்துவந்த சிபிஎஸ்இ மாணவியும், நேற்றுவரை ஒரு பிரெஞ்சுச் சொல்லும் கேட்டிராத மாணவனும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். பாடம் அ, ஆ-விலிருந்து தொடங்கும். முன்பே படித்தவருக்கு முதல் வருடம் முழுக்கத் தூக்கம். புதியவருக்கோ, மற்றவர்கள் டக் டக்கென்று பதில் சொல்வதைப் பார்த்தே நாக்கு உள்ளே போய்விடும். முதல் வாரத்திலேயே ஒரு திறன் சோதனை வைத்து இரண்டு பிரிவாகப் பிரிக்கும் கல்லூரி கிடைத்தால் அதற்காகவே அங்கே சேரலாம். சேர்க்கையின்போது இதைக் கேட்டுப் பாருங்கள். நூலகத்தில் எத்தனை புத்தகம் என்பதைவிட உபயோகமான கேள்வி.

பாடநூல் பெரும்பாலும் பிரான்சில் தயாரான பாடநூலின் இந்திய மறுபதிப்பாக இருக்கும். இறக்குமதிப் பிரதிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். மறுபதிப்பு அதைவிட மிகக் குறைவு. நூல்கள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் அவை ஒலிப்பதிவோடு சேர்த்துத்தான் முழுமை. பக்கத்தின் ஓரத்தில் சின்ன ஹெட்போன் படம் இருக்கிறதே, அது அலங்காரமில்லை. “இதைக் கேட்டுவிட்டுத்தான் கேள்விக்கு வா” என்று அர்த்தம். வகுப்பில் அந்த உரையாடலை ஆசிரியர் வாசித்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். பயிற்சி நூல் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். ஒலிக்கோப்புகள் குறுந்தகட்டிலோ பதிப்பகத்தின் தளத்திலோ செயலியிலோ கிடைக்கின்றன. புத்தகம் வாங்கிய அன்றே போனில் இறக்கி வைத்துக்கொள்வது முதல் வேலை.

இனி உச்சரிப்பு. இங்கேதான் தமிழ் மாணவர்கள் தேவையில்லாமல் கஷ்டப்படுகிறார்கள். பிரெஞ்சு மூக்கொலி உயிர்கள் ரொம்பக் கடினம் என்று ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகள் பயமுறுத்தும். ஆங்கிலேயருக்குக் கடினம்தான். பேச்சுத் தமிழ் தெரிந்தவருக்கு அந்த ஒலிகள் பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கின்றன. ‘வந்தேன், வந்தான், வந்தோம்’ என்பதைப் புத்தகம் படிப்பது போல இல்லாமல் வீட்டில் பேசுவது போலச் சொல்லிப் பாருங்கள். கடைசி மெய் காணாமல் போய், உயிர் மூக்கு வழியாக வெளியே வரும். ‘வந்தேன்’ முடிவில் வருவதுதான் பிரெஞ்சில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லின் ஒலி. ‘வந்தான்’ முடிவு, காற்றைக் குறிக்கும் ‘வான்’. ‘வந்தோம்’ முடிவு, நல்ல என்று பொருள்படும் ‘போன்’. மூன்று மூக்கொலியும் இலவசம். அதேபோல த, ப, க மூன்றையும் காற்று ஊதாமல் சொல்வது பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் பொது. நாம் செய்யும் தவறு, ஆங்கிலப் பழக்கத்தில் ‘டி’ எழுத்தைக் கண்டால் நாக்கை மேலே மடிப்பது. ‘உன்னை’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை ‘ட்வா’ என்கிறோம். பல்லில் நாக்கு பட ‘த்வா’ என்றால் சரியாகிவிடும்.

இலவசமாக வராதவை இரண்டு. ஒன்று, ஈ-க்கும் ஊ-க்கும் இடைப்பட்ட உயிர். நாக்கை ‘ஈ’ சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். இதை வெறும் ‘ஊ’ ஆக்கினால் பொருள் தலைகீழாகும்: ‘மேலே’ என்ற சொல்லுக்கும் ‘கீழே’ என்ற சொல்லுக்கும் பிரெஞ்சில் இந்த ஓர் உயிர்தான் வித்தியாசம். இன்னொன்று, எஸ்-இசட் பேதம். மீனுக்கான சொல்லில் நடுவே இரட்டை எஸ்; ஒலி ‘ச’. ஒற்றை எஸ் போட்டால் அதிரும் இசட்; பொருள் விஷம். உணவகத்தில் எதைக் கேட்கிறோம் என்பது அந்த அதிர்வில் இருக்கிறது. தொண்டை ‘ர’வுக்காக வாய் கொப்பளித்துப் பழக வேண்டாம், நம் ‘ர’வைச் சொன்னாலும் புரியும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் நோட்டின் ஓரத்தில் எழுதி வைக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். ரொட்டிக்கும் ‘பேன்’, குளியலுக்கும் ‘பேன்’ என்று எழுதி வைத்து, தேர்வுக்கு முந்தின இரவு தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம். இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது வாசிப்பு வசதிக்கு மட்டுமே.

இலக்கணத்திலும் இதே கதை. வகுப்பு ஆங்கிலம் வழியாக நடக்கிறது. ஆங்கிலமோ இந்த இடத்தில் நல்ல பாலம் இல்லை. வினைச்சொல் ஆளுக்கு ஆள் வால் மாறுவதை ஆங்கிலம் வழியாக விளக்கினால் ஆறு வடிவமும் ஆறு மனப்பாடம். ‘பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்’ என்று பேசி வளர்ந்தவருக்கு அதில் விளக்கவே ஒன்றுமில்லை. ‘பேசுறோம்’ என்பதும் அதற்கு நேரான ‘பார்லோன்’ என்பதும் ஒரே மூக்கொலியில் முடிவது தற்செயல்தான் என்றாலும் நினைவில் வைக்க நல்ல கொக்கி. நீ-நீங்கள் வேறுபாடும் அப்படியே. கடைக்காரரிடமும் பேராசிரியரிடமும் எதைச் சொல்வது என்ற குழப்பம் நமக்கு வரவே கூடாது. ஆங்கிலத்தில் யோசித்து எழுதுகிறவர்தான் கல்லூரி முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் ‘நீ’ போட்டுவிடுகிறார். வயதைச் சொல்லும்போதும் ஆங்கிலம் காலை வாரும். “எனக்கு 18 வயது” என்பதை, பிரெஞ்சு “என்னிடம் 18 ஆண்டுகள் உண்டு” என்கிற பாணியில் சொல்லும். ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘இருக்கிறேன்’ வினையைப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

தமிழ் உதவாத இடம் பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால். மேசை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் சொல்லின் வால் ஓரளவு காட்டிக்கொடுக்கும்: ‘டி-ஐ-ஓ-என்’ என முடிந்தால் ஏறக்குறைய எப்போதும் பெண்பால், ‘எம்-இ-என்-டி’ என முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். சொல்லைப் படிக்கும்போதே ‘ஒரு’ என்பதற்கான ‘அன்’, ‘யூன்’ இரண்டில் ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘அந்த’ என்பதற்கான ‘ல’, ‘லா’வோடு படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது: உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இரண்டும் சுருங்கி ஒரே ‘எல்’ ஆகிவிடும். பள்ளிக்கூடம் ஆணா பெண்ணா என்பது அந்தச் சுருக்கத்தில் மறைந்துபோகும்.

இரண்டாம் செமஸ்டரில் இறந்தகாலம் வரும். அங்கேதான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள். பெரும்பாலான வினைகளுக்குத் துணைவினை, வயது சொல்ல வந்த அதே ‘உடைமை’ வினை. போ, வா, பிற, இற, ஏறு, இறங்கு போன்ற பதினைந்து சொச்சம் வினைகளுக்கு மட்டும் ‘இரு’ வினை. இந்த இரண்டாம் வகையில் எழுவாய் பெண் என்றால் வினையின் கடைசியில் ஓர் ‘இ’ சேர்க்க வேண்டும். பெரும்பாலும் காதுக்கு அது கேட்காது. தாளில் மட்டும் இருக்கும். “நான் போனேன்” என்று எழுதும் மாணவி தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பதை மறந்து அந்த ‘இ’யை விட்டுவிடுவது, விடைத்தாளில் மிகச் சாதாரணமாகக் காணும் பிழை.

எண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 70 என்பது ‘அறுபது-பத்து’, 80 என்பது ‘நாலு-இருபது’, 92 என்பது ‘நாலு-இருபது-பன்னிரண்டு’. ஒன்பதுக்கு அடுத்தபடி தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று போகிற நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. சிக்கல் கேட்கும்போதுதான். பிரான்சில் போன் எண்ணின் பத்து இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். 92 என்று சொல்ல ஆரம்பித்ததும் மாணவர் 4 என்று எழுதுவார், பிறகு 20, பிறகு 12. அதற்குள் அடுத்த ஜோடி போயிருக்கும். ‘கத்ர வேன்’ என்று காதில் விழுந்ததும் பேனா 8-ஐயோ 9-ஐயோ எழுதக் காத்திருக்க வேண்டும். இது அறிவு விஷயமே இல்லை, பழக்கம். நண்பரிடம் பத்துப் போன் எண்களைச் சொல்லச் சொல்லி எழுதினால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

படித்தது மொழியாகியிருக்கிறதா என்று பார்க்கச் சரியான அளவுகோல் டெல்ஃப். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் சான்றிதழ், ஆயுளுக்கும் செல்லும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நாலுக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பிரிவிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. எழுத்திலும் வாசிப்பிலும் அள்ளிவிட்டுக் கேட்டலில் 4 வாங்கினால் மொத்தம் 60 இருந்தாலும் தோல்விதான். பார்ட் ஒன் மாணவருக்கு ஆபத்து சரியாக அந்த இடத்தில் இருக்கிறது.

பேச்சுத் தேர்விலும் ஒரு கண்ணி உண்டு. ஏ1 நிலையில் மூன்று பகுதி: தேர்வாளர் உங்களைப் பற்றிக் கேட்பார், பிறகு சீட்டுகளில் உள்ள சொற்களை வைத்து நீங்கள் அவரைக் கேள்வி கேட்க வேண்டும், கடைசியில் கடையில் வாங்குவது போல ஒரு நாடகம். கடைசி இரண்டுக்கும் தயாராக 10 நிமிடம் தருவார்கள். மொத்தத் தேர்வே 5 முதல் 7 நிமிடம். நம் மாணவர்கள் முதல் பகுதியில் மணி மணியாகப் பேசுவார்கள். இரண்டாவதில் சீட்டில் ‘விடுமுறை?’ என்று இருக்கும். உடனே தங்கள் விடுமுறையைப் பற்றி ஒப்பிக்கத் தொடங்குவார்கள். “விடுமுறைக்கு எங்கே போவீர்கள்?” என்று கேட்க வேண்டும் என்பதே தோன்றாது. பள்ளியிலும் கல்லூரியிலும் கேள்வி கேட்பது எப்போதும் ஆசிரியரின் வேலையாகவே இருந்திருக்கிறது. ‘எங்கே, எப்போது, ஏன், எப்படி, யாரோடு, எவ்வளவு’ என்ற ஆறு கேள்விச் சொற்களையும் எந்தச் சீட்டோடும் ஒட்ட வைக்கப் பழகினால் அந்தப் பகுதி கைக்குள் வந்துவிடும்.

ஒவ்வொரு நிலையும் தனித் தேர்வு. ஏ1 எழுதாமலே ஏ2 எழுதலாம். ஏ1 சான்றிதழை வைத்து எந்த வேலையும் நகராது என்பதால் அதற்குக் கட்டணம் கட்டுவது வீண் என்பதே எங்கள் கருத்து. நாலாவது செமஸ்டர் முடியும்போது ஏ2, இறுதி ஆண்டில் பி1 என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு வகுப்பு போக ஒரு நாளைக்கு 20 நிமிடம் வேண்டும். அந்த 20 நிமிடமும் காதுக்கு. பாடநூல் உரையாடலை எழுத்தைப் பார்க்காமல் ஒரு தடவை, பார்த்துக்கொண்டு ஒரு தடவை, கூடவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஒரு தடவை. ஏ2 எட்டியபின் பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலி தினமும் தரும் எளிய பிரெஞ்சுச் செய்திக்கு மாறலாம். பத்து நிமிடம், இலவசம். பிரெஞ்சுத் தொலைக்காட்சியான டிவி5மோந்தின் தளத்தில் நிலை வாரியாகப் பிரித்த காணொளிப் பயிற்சிகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. கணினியில் எழுதும்போது மேற்குறிகளை விட்டுவிடாதீர்கள். குறி மாறினால் சொல்லே மாறும். விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண் தட்டில் 130 அடித்தால் வலப்பக்கம் ஏறும் குறியுள்ள ‘இ’, 138 அடித்தால் இடப்பக்கம் சாயும் குறியுள்ள ‘இ’, 135 அடித்தால் வாலுள்ள ‘சி’.

அப்படியென்றால் நேரே பிரெஞ்சு கற்றுத்தரும் மையமான அலியான்ஸ் பிரான்சேஸுக்கே போய்விடலாமே என்று கேட்கலாம். சென்னையில் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருப்பது 1953 முதல் நடக்கிறது. புதுச்சேரியில் உள்ளது 1889-இல் தொடங்கியது. சின்ன வகுப்பு, முதல் நாளிலிருந்தே பேச்சு, டெல்ஃப் முறையை ஒட்டிய பாடம். பேச்சுக்கு அதுவே மேல், சந்தேகமில்லை. ஆனால் நிலைக்கு நிலை தனிக் கட்டணம். நாலைந்து வகுப்பு தவறினால் பிடிப்பது சிரமம். கல்லூரி வகுப்பை இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் வைத்துக்கொண்டு, ஏ2 முடிந்தபின் பி1-க்கு மட்டும் வெளியே சேருவது செலவு குறைந்த வழி. பொறியியல் கல்லூரியில் ஒரே ஒரு செமஸ்டர் விருப்பப் பாடமாக வரும் பிரெஞ்சு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வணக்கம், நன்றி, நூறுவரை எண்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டத்தில் டிக் அடிக்கும் முன் இன்னொன்று. பார்ட் ஒன்னில் தமிழ் எடுக்காதவர்கள், பாடத்திட்டத்தின் நாலாம் பகுதியான பார்ட் ஃபோரில் இரண்டு தாள் தமிழ் படிக்க வேண்டும்: பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவருக்குச் சிறப்புத் தமிழ், படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ். தமிழ் தொல்லை விட்டது என்று பிரெஞ்சு எடுத்தவர்கள் மூன்றாம் செமஸ்டரில் ஹால் டிக்கெட்டைப் பார்த்துத் திகைப்பதுண்டு. டிஎன்பிஎஸ்சி நினைப்பு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து டிகிரிவரை பிரெஞ்சையே இரண்டாம் மொழியாக வைத்தவர்களுக்கு அது சுலபத் தாளாக இருக்காது.

வேலை, வெளிநாடு என்ற கணக்கில் எடுப்பவர்களுக்கு: பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தேடும் சென்னை, பெங்களூர் நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பது பி2. பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு வழியில் படிக்கவும் பொதுவாக அதே பி2. பார்ட் ஒன் மட்டும் உங்களை அங்கே கொண்டுபோகாது. பாதி வழி விடும். கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்துக்கு டெல்ஃப் செல்லவே செல்லாது. அதற்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும், நாலு திறனிலும் கனடா அளவுகோலில் 7 எடுத்தால்தான் கூடுதல் புள்ளி கிடைக்கும். அந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். கல்லூரி முடிக்கும்போதே அதை எழுதி வைத்துவிட்டு, மூன்று வருட வேலை அனுபவம் சேர்ந்தபின் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் மறுபடி கட்டணம் கட்டி மறுபடி எழுத வேண்டிவரும்.